ஆசிட் என்று எழுதச் சொன்னார்கள்

குதிரை வைத்தியம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கால்நடை டாக்டராக டெல்டாவுக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். மாடு, ஆடு, கோழி, மிஞ்சிப்போனால் யாராவது பெரிய மனிதர் வீட்டு நாய் என்று காலம் ஓடிவிடும் என்றுதான் நானும் இந்தத் துறையில் சேர்ந்தேன். ஆனால் ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை வரைக்கும் சாலையோரம் எத்தனை ஃபிளெக்ஸ் பேனரில் குதிரை படம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். குதிரை வண்டிப் பந்தயத்துக்காக வயலை அடமானம் வைப்பவர்கள் இங்கே உண்டு. அந்தக் குதிரைகளில் ஒன்றுக்கு ஒரு கோடையில் கண்ணில் நீர் வடியும். அப்போது உங்களைத்தான் கூப்பிடுவார்கள். என்ன நோய் என்பதை அவர்களே முடிவு செய்த பிறகு கூப்பிடுவார்கள்.

என்னைக் கூப்பிட்டவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

"மேடம், ஒரு குதிரை கண்ணுல ஆசிட் ஊத்திட்டாங்க. ஆளப் புடிச்சு வச்சிருக்கோம். உங்க ஒப்பீனியன் வந்துச்சுன்னா மத்தியானத்துக்குள்ள ரிமாண்டுக்கு அனுப்பிடலாம்."

அப்போது நான் நகரத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் மூத்த டாக்டர். ஓய்வு பெறச் சில வருடங்கள் இருந்தன. இந்த வயதில் குதிரைக்குச் சாட்சி சொல்லப் போகிறோமே என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன்.

குதிரையின் சொந்தக்காரர் பெயர் சிங்காரவேலு. தென்னந்தோப்பும் தேங்காய் மண்டியும் வைத்திருந்தார். குதிரையின் பெயர் ராக்கெட். ராக்கெட் வாங்கிய கோப்பைகள் அவர் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு வைக்கப்பட்டிருந்தன. அவருடைய மகள் பொறியியலில் வாங்கிய பதக்கம் எங்கே என்று ஒருமுறை கேட்டேன். பீரோவில் எங்கேயோ இருக்கும் என்றார்.

பிடித்து வைத்திருந்த ஆள் சதீஷ். பள்ளிக்கூடம் படிக்கும் காலத்திலிருந்து ராக்கெட்டைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, ஓட்டிப் பழக்கியவன் அவன்தான். அதே ஊரில் கடைசித் தெரு. அவன் தாத்தா சிங்காரவேலுவின் அப்பாவிடம் பண்ணையில் வேலை பார்த்தவர். சதீஷ் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ முடித்து, தீயணைப்புத் துறைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். உடல் தகுதித் தேர்வுக்குப் போக லீவு கேட்டிருக்கிறான். பந்தயம் வருகிறது, முடியாது என்று சொல்லியிருக்கிறார். அவன் போய்விட்டான். தேர்விலும் தேறிவிட்டான், அதோடு லாயத்து வேலையையும் விட்டுவிட்டான். பாக்கி இருந்தது போலீஸ் விசாரணைச் சான்று மட்டும்தான். அந்த நேரம் பார்த்துத்தான் ராக்கெட்டுக்குக் கண் புண்ணானது.

இனி நம் ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர். எனக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வந்தார், இளநீர் குடித்தார், "இடது கண்ணில் ரசாயனக் காயம் ஏற்பட்டிருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தேகிக்கப்படுகிறது. யாரால் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. அவர் சந்தேகப்படவில்லை. குதிரையும் சந்தேகப்படவில்லை. சிங்காரவேலு சந்தேகப்பட்டார், டாக்டர் அதற்கு முத்திரை குத்தினார். உங்கள் பேனாவில் இந்த 'படுகிறது' எப்போது தானாக வருகிறது என்று கவனியுங்கள். பயம் வரும்போதுதான் வரும். அந்த டாக்டர் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது பெரிய பதவியில் நன்றாக இருக்கிறார். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது தோப்புக்குள் ஒரு சின்னத் திருவிழாக் கூட்டம். லாயத்துக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். சிங்காரவேலுவின் மச்சான் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஜீப்பின் பின்சீட்டில் சதீஷ் உட்கார்ந்திருந்தான். அடித்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. அவன் அம்மா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

"வாங்க டாக்டரம்மா," என்றார் சிங்காரவேலு. "நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம். சின்ன டாக்டரு எல்லாம் பாத்து எழுதிட்டாரு. அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா போதும்."

"குதிரையப் பாக்க வேணாமா?"

"தாராளமா பாருங்க. கிட்ட மட்டும் போவாதீங்க, கடிக்கும்."

"சின்ன டாக்டரு எங்கேர்ந்து பாத்தாரு?"

அவர் நாற்காலியைக் காட்டினார்.

நான் பையைத் திறந்து மயக்க ஊசியை எடுத்துக் குதிரைக்குப் போட்டேன். மருந்து ஏறி ராக்கெட் தலையைத் தொங்கப்போடும் வரைக்கும் சிங்காரவேலு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த ஊரு டாக்டரம்மா? அப்பா என்ன பண்ணாங்க?"

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். உங்களிடமும் கேட்பார்கள்.

"அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க. அவரோட அப்பா இதே மாதிரி ஒருத்தர் வயல்ல நடவு நட்டவரு. வேற ஏதாவது தெரியணுமா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்," என்றார். மச்சானைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவர்களுக்குத் தேவையான சான்றிதழ் கிடைத்துவிட்டது.

கண்ணைப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை. மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்கள். அதன்மேல் வேப்பெண்ணெய். அதற்கும் மேலே வெள்ளையாக என்னவோ காய்ந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். பற்பசை.

"இது யாரு போட்டது?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சுங்க, குளிர்ச்சின்னு," என்றார் மச்சான்.

ஆசிட் படாத கண்ணும் எரிந்து போவதற்கு இவ்வளவு போதும். உப்புநீர் விட்டு எல்லாவற்றையும் கழுவினேன். மெல்லத் தெரிந்தது. கண்ணின் உள்மூலையில், நீர் வழிகிற தடத்தில், சிவந்த சதை திரண்டு நின்றது. தொட்டால் ரத்தம் கசிந்தது. அதற்குள் மஞ்சளாக, அரிசிக் குருணை போல, நறநறவென்று கட்டிகள். இமை மயிர் ஒன்றுகூடக் கருகவில்லை. கன்னத்தில் ஒரு சொட்டு வழிந்த தடமில்லை. ஆசிட் ஊற்றுகிறவன் உள்மூலையில் மட்டும் சொட்டுச் சொட்டாகப் பார்த்து விட்டிருந்தால், அவனைத் தீயணைப்புத் துறைக்கு அல்ல, கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு எடுக்க வேண்டும்.

"எப்ப ஊத்துனதா புகார் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"முந்தாநாளு," என்றார் எஸ்.ஐ.

"இந்தச் சதை வாரக்கணக்கா வளந்திருக்கு சார்."

அவர் சிங்காரவேலுவைப் பார்த்தார். சிங்காரவேலு தென்னை மரத்தைப் பார்த்தார்.

கோடைப் புண் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. ஆனால் நமக்குத் தோன்றியதைக் கூட்டத்தின் நடுவில் உடனே சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நாமும் அவர்களைப் போலவே அதற்குச் சாட்சி தேடத் தொடங்கிவிடுவோம். கண்ணில் நீர் வடிகிற குதிரையெல்லாம் கோடைப் புண் குதிரை இல்லை. உளுந்து அடிக்கிற களத்துத் தூசியில் வடியும். அதிராம்பட்டினத்தில் கல்யாண ஊர்வலக் குதிரை ஒன்றைப் பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளையின் நண்பர்கள் அடித்த நுரை ஸ்பிரேயில் கண் வீங்கிப்போய் நின்றது. புற்றுநோய்கூட இதே மூலையில் இதே மாதிரி சதையாக வரும். அதனால் கண்ணை விட்டுவிட்டு உடம்பு முழுக்கப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நோய் ஒரே இடத்தில் நின்றுகொண்டு உங்களுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளாது.

பின்னங்காலில், சங்கிலி உரசிய பழைய காயத்தில், அதே சிவந்த சதை, அதே மஞ்சள் குருணை. பிறகு குனிந்து வயிற்றுக்கு அடியில் பார்த்தேன். குறியின் உறையிலும் ஒன்று இருந்தது, கண்ணில் இருந்ததைவிடப் பெரிதாக. சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். மச்சான்கூட வீடியோவை நிறுத்திவிட்டார்.

"இங்கயும் சதீஷ்தான் ஊத்தினானா?" என்று கேட்டேன்.

ஜீப்புக்குள்ளிருந்து யாரோ சிரித்த மாதிரி இருந்தது. கான்ஸ்டபிளாக இருக்கலாம்.

"அப்ப இது என்னதான் மேடம்?" என்றார் எஸ்.ஐ. இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சொன்னேன். குதிரையின் வயிற்றில் ஒரு புழு. அது லத்தியோடு வெளியே வரும். லத்தியில் வளர்கிற ஈ அதைச் சுமந்துகொண்டு போகும். ஈரமான இடம் பார்த்து உட்காரும், கண்ணிலோ உதட்டிலோ காயத்திலோ. அங்கே குட்டிப் புழுவை இறக்கிவிடும். வயிற்றுக்குப் போக வேண்டிய புழு வழிதவறிப்போய் அந்தச் சதையிலேயே குடியிருக்கும். புண் ஆறாது. அரிக்கும். குதிரை தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்கும். ஈ போகிற காலம் வந்தால் தணியும், அடுத்த கோடையில் மறுபடி வரும்.

பேசிக்கொண்டே லாயத்துக்குப் பின்னால் போனேன். நாற்றமே வழிகாட்டியது. இடுப்பு உயரத்துக்கு லத்தி குவிந்து கிடந்தது. மேலே கருப்பாக ஒரு போர்வை. நான் கையை வீசியதும் போர்வை எழுந்து பறந்தது. எஸ்.ஐ. கையில் ஒரு லத்தி வைத்திருந்தார். அள்ள வேண்டிய லத்தியை விட்டுவிட்டு, அடிக்கிற லத்தியைக் கொண்டுவந்திருந்தார்கள்.

"இத யாரு அள்றது?"

சிங்காரவேலு சொன்னார். "முன்னாடி சதீஷ் அள்ளுவான்."

"அவன் போனதுக்கு அப்புறம்?"

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கைப்பேசியைப் பார்த்தார். பிறகு சிங்காரவேலுவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

"அப்ப அவன் போனதுதானே காரணம்?"

எஸ்.ஐ. ஆசையோடு என்னைப் பார்த்தார். கேஸ் பிழைத்துவிடுமோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"அதுக்கு என்ன செக்‌ஷன் சார்?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இது வரைக்கும் நடந்ததெல்லாம் சுலபமான பகுதி. கத்துகிறவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பது பெரிய காரியமில்லை. நமக்கே கொஞ்சம் ரோஷம் இருந்தால் போதும். கஷ்டம் அதற்குப் பிறகு வரும், மெதுவான குரலில், மரியாதையாக. எஸ்.ஐ. என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா புகார் வாங்கியாச்சு, மேலயும் சொல்லியாச்சு. ஆசிட்தான்னு எழுத வேணாம். ஆசிட் இல்லைன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு ஒரு வரி எழுதுங்க. எல்லாருக்கும் நல்லது. பையன நான் பாத்துக்கறேன்."

கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் ஆபத்து. அந்த ஒரு வரியில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. விஞ்ஞானத்தில் எதை உறுதியாகச் சொல்ல முடியும் என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அடக்கமான டாக்டர் என்று பெயரும் வாங்கலாம். ஆனால் அந்த வரி எங்கே போகும் என்று பார்த்தேன். ஒரு கோப்பில் போய் உட்காரும். அந்தக் கோப்பைத் திறக்கிற இன்னொரு அதிகாரி, இந்தப் பையன் மேல் ஒரு ஆசிட் கேஸ் இருக்கிறது என்று படிப்பார். தீயணைப்பு வேலைக்கு வேறு ஆள் போவான். ஜீப்பின் கதவைப் பிடித்திருந்த அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், எனக்கு எது உறுதியாத் தெரியுமோ அத உறுதியா எழுதறேன். எது தெரியாதோ அதத் தெரியாதுன்னு எழுதறேன். ரெண்டையும் கலக்கச் சொல்லாதீங்க."

ஜீப்பின் பானெட்டில் வைத்து எழுதினேன். காயம் ரசாயனத்தால் ஏற்பட்டதல்ல. புண் முந்தாநாள் வந்ததல்ல. மூன்று இடங்களில் இருக்கிறது. கோடைப் புண் என்று கருதுகிறேன், சதைத் துணுக்கு ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. இல்லை, 'அனுப்பப்படுகிறது' என்பதை அடித்துவிட்டு 'அனுப்புகிறேன்' என்று எழுதினேன். கையெழுத்தைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.

எஸ்.ஐ. அதைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்துவிட, சதீஷ் ஜீப்பிலிருந்து இறங்கினான். நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவன், "இத மொதல்ல வந்த டாக்டரே பாத்திருக்கலாமே மேடம்," என்றான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். சரியான கேள்வி.

ஊரில் இரண்டு நாள் என்ன பேசினார்கள் என்றால், டாக்டரம்மா அவங்க ஆளு, அதான் விட்டுக் குடுக்கல என்று பேசினார்கள். அதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். நுண்ணோக்கியில் புழு தெரிந்தது என்று ஆய்வகத்திலிருந்து பதில் வந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. புழுவுக்கும் சாதி பார்த்திருப்பார்கள்.

வைத்தியத்துக்கு வருகிறேன். சாயம் விட்டுப் பார்த்தபோது ராக்கெட்டின் கருவிழி ஓரத்தில் ஒரு கீறல் பச்சையாகத் தெரிந்தது. தூணில் தேய்த்ததால் வந்தது. மச்சான் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி வைத்திருந்தார், ஸ்டீராய்டு கலந்தது. ஒரே நாளில் சிவப்பு குறையும், பந்தயத்துக்குள் பளிச்சென்று ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். சிவப்பு குறைந்திருக்கும், உண்மைதான். கீறல் உள்ளே இறங்கிக் கண்ணே போயிருக்கும். காலிலும் உறையிலும் இருந்த புண்களுக்கு அந்த வகை மருந்து தேவைப்பட்டது, பூசினேன். கண்ணுக்குள் கூடாது. சொட்டு மருந்தை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "அப்ப பந்தயம்?" என்றார் சிங்காரவேலு. "கண்ணு வேணுமா பந்தயம் வேணுமா?" என்றேன். அதற்கு அவர் யோசித்தார். அந்த யோசனையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வயிற்றுப் புழுவுக்கு மருந்து கொடுத்தாயிற்று. ஈ அண்டாமல் முகத்துக்கு வலை போடச் சொன்னேன். லத்தியை அன்றன்றைக்கு அள்ளி மூடச் சொன்னேன். தினமும் இரண்டு வேளை கண்ணைத் துடைத்துக் களிம்பு போட வேண்டும். அதில்தான் சிக்கல் வந்தது. ராக்கெட் யாரையும் தலையைத் தொட விடவில்லை. முதல் நாளே மச்சானின் தோளைக் கவ்விவிட்டது. அவருக்கு நான்கு தையல். தினமும் மயக்க ஊசி போட்டுப் பார்க்க அது என்ன பொம்மையா? சிங்காரவேலு எனக்குப் போன் செய்தார்.

"டாக்டரம்மா, நீங்களே தெனம் வந்து போட்டுட்டுப் போயிடுங்களேன்."

"நான் வந்தாலும் என்னையும் கடிக்கும். யாரு புடிச்சா நிக்கும்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராக்கெட்டின் கண் பிழைத்தது. மூலையில் கொஞ்சம் வெள்ளை மயிர் முளைத்தது, அவ்வளவுதான். சதீஷ் தீயணைப்பு வேலையில் சேர்ந்து இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறான். ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தது இதற்கு நடுவில் நடந்தது.

சிங்காரவேலு ஆள் விட்டுக் கூப்பிட்டார். சதீஷ் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் போய்ப் பேசினார்கள். அவன் ஒன்று சொன்னான்: பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்று, சதீஷ்தான் ஊத்தினான் என்று ஊரறியச் சொன்னாரில்லையா, அதே கடையில் வந்து இல்லை என்று சொல்லட்டும், அந்த டாக்டரம்மாவும் இருக்கட்டும். என்னை எதற்குக் கூப்பிட்டான் என்று தெரியவில்லை. அறிக்கைக்குச் சாட்சி வேண்டும் என்று நினைத்திருப்பான். நான் போனேன்.

காலை நேரம். கடையில் நல்ல கூட்டம். சிங்காரவேலு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றான் சதீஷ்.

"அதான் புகார வாபஸ் வாங்கிட்டேன்ல."

"அது ஸ்டேஷன்ல. இங்க சொன்னத இங்க சொல்லுங்க."

அவன் பேச்சில் அன்றைக்கு 'ஐயா' இல்லை. கடையில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். டீ ஆற்றுகிறவர் கை நின்றுவிட்டது.

சிங்காரவேலு தொண்டையைச் செருமினார். "சதீஷ் ஊத்தல. ஈயால வந்த புண்ணு. நான் சொன்னது தப்பு." சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது.

சதீஷ் டீயைக் குடித்து முடித்தான். கிளாஸை வைத்தான்.

"வேலைக்குச் சேர்ற வரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் வந்து குதிரையப் புடிச்சுக்கறேன். மருந்தும் நானே போட்டுடறேன். லத்திய நீங்க அள்ளுங்க."

"ஆளு வச்சு அள்ளச் சொல்றேன்டா."

"இல்ல. நீங்க அள்ளுங்க. இல்லைன்னா நான் வரல."

மறுநாள் காலை கண்ணைப் பார்க்க நான் போனேன். சதீஷ் ராக்கெட்டின் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்து அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். குதிரை ஆட்டுக்குட்டி போல நின்றது. கீறல் மூட ஆரம்பித்திருந்தது. லாயத்துக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சிங்காரவேலு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈக்களுக்கு நடுவில் அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளத் தெரியவில்லை. பாதி காலிலேயே விழுந்தது.

"ஆழமா குத்தி அள்ளுங்க," என்று சதீஷ் இங்கிருந்தே சொன்னான். அவர் ஆழமாகக் குத்தினார்.